இலைக்கு அடியில் ஒரு மஞ்சள் தூள்

ஈழத்துப் பயிர்களின் கதை – 6: கோப்பி போய்த் தேயிலை வந்தது

கறுவாவின் மீதிருந்த தனியுரிமையைப் பிரித்தானியர் 1833இல் கைவிட்டதோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். கறுவாத் தோட்டங்கள் கரையோரத்தில் இருந்தன. கண்டி மலைகளைத் தோட்டமாக மாற்றும் வேலை கறுவாவால் ஆகவில்லை. அதைச் செய்தது கோப்பி. ஆனால் மலையகம் என்றதும் இன்று எவருக்கும் தேயிலைதான் நினைவுக்கு வருகிறது. கோப்பிக்கு அங்கே ஒரு ஐம்பது வருட ஆட்சி இருந்ததைப் பாடப் புத்தகங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. கோப்பிக்கு நோய் வந்தது, தேயிலை நட்டார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் ஒரு வங்கி மூழ்கிய கதை இருக்கிறது, நம் சட்டைப்பையில் இருக்கும் நாணயத்தாளின் பிறப்பு இருக்கிறது, ஏழெட்டு இலட்சம் மக்களின் குடியுரிமைச் சிக்கலின் வேரும் இருக்கிறது. ஆகவே இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோப்பியைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர். அவர்களுக்கு வெகு முன்பே அராபிய வணிகர் வழியாக அது இத்தீவுக்கு வந்துவிட்டது. கண்டி நாட்டுக் கிராமங்களில் வீட்டைச் சுற்றிப் பலாவுக்கும் கமுகுக்கும் நடுவே கோப்பிச் செடியும் நின்றது. ஆனால் கொட்டையை வறுத்து இடித்துக் குடிக்கும் வழக்கம் இருக்கவில்லை. இலையைக் கறிக்குப் போட்டார்கள், வெள்ளைப் பூவை விகாரைகளில் படைத்தார்கள். இந்தத் தகவலைக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். ஒல்லாந்தர் 1740 அளவில் தாழ்நிலத்தில் கோப்பி போட்டுப் பார்த்தார்கள். வெக்கையில் அது தழைக்கவில்லை. அவர்கள் கையில் யாவா இருந்ததால் இங்கே மினக்கெடவும் தேவைப்படவில்லை.

1815இல் கண்டி விழுந்தது. அடுத்த பத்து வருடங்களுக்குள் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் முதல் கோப்பித் தோட்டத்தைத் திறந்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பேராதனைக்கு எதிர்க்கரையில் கன்னொறுவையில் தாமே ஒரு தோட்டம் போட்டார். கோப்பிக்கு வரிவிலக்குக் கொடுத்த தேசாதிபதியும், அதனால் பயன்பெற்ற தோட்டக்காரரும் ஒரே ஆள். கொழும்பு – கண்டி வீதியை வெட்டுவித்தவரும் அவர்தான். இராணுவத்துக்காகத்தான் அந்த வீதி என்று சொல்லப்பட்டது, அதில் உண்மையும் உண்டு. கோப்பி மூட்டையும் அதே வீதியில்தான் இறங்கியது.

உண்மையான ஓட்டம் 1830களின் பிற்பாதியில் தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் அங்கே கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835இல் இங்கிலாந்தின் இறக்குமதித் தீர்வை எல்லாக் குடியேற்றங்களுக்கும் ஒன்றாக்கப்பட்டது. இலங்கைக் கோப்பிக்கு லண்டனில் கதவு திறந்தது. ஜமெய்க்காவில் பழகிவந்த ரொபர்ட் டைட்லர் அங்கத்தைய சாகுபடி முறையை இங்கே கொண்டுவந்தார். முடிக்குரிய காடு ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால், தேசாதிபதி, நீதிபதி, அரசாங்க அதிபர், படைத் தளபதி, பாதிரியார் என்று ஆட்சியே வரிசையில் நிற்கிறது. கச்சேரி வேலையை எவர் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

அந்தக் காடு யாருடையது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்குப் பதில் சொன்னது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் எல்லாம் முடிக்கே சொந்தம். வேறு எவராவது உரிமை கோரினால் அவரே நிரூபிக்க வேண்டும். கிராமத்தவர் சேனை போட்ட நிலத்துக்கும் மாடு மேய்த்த பற்றைக்கும் உறுதி ஏது? நெல் வயல் அவர்களிடமே இருந்தது. வயலுக்கு மேலே இருந்த மேடு கைமாறியது. இந்தச் சட்டம் பின்னாளைய சிங்களக் கிராமத்து மனத்தாங்கல்களுக்கெல்லாம் அடியில் கிடக்கிறது. அந்தக் கோபம் வாங்கியவன் மீதும் விற்றவன் மீதும் போகாமல், அங்கே கூலிக்கு வந்தவன் மீது போனதுதான் வினோதம்.

காட்டை வெட்டிய விதத்தைத் தோட்டத் துரைமார் பலர் ஆசையோடு எழுதியிருக்கிறார்கள். வேலைக்கு வந்தவர்கள் பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் கோடரிக்காரர்கள். மலையடிவாரத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போவார்கள். ஒவ்வொரு மரத்தையும் பாதிதான் வெட்டுவார்கள், முழுக்க வீழ்த்துவதில்லை. உச்சி வரை இப்படி ஆயிரக்கணக்கான மரங்கள் பாதி வெட்டோடு நிற்கும். பிறகு மேல்வரிசையில் உள்ள பெருமரங்களை ஒரே நேரத்தில் சாய்ப்பார்கள். அவை கீழ்வரிசை மீது விழ, அது அடுத்ததன் மீது விழ, ஒரு முழு மலைச்சரிவும் சில நிமிடங்களில் இடிமுழக்கத்தோடு படுத்துவிடும். சில வாரம் காயவிட்டுத் தீ வைத்தால், கன்று நடச் சாம்பல் நிலம் தயார். 1870களின் இறுதியில் கோப்பி நின்ற பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். அவ்வளவும் இப்படிப் படுத்த காடுதான்.

கோப்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள் துரைத்தோட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கிராமத்துக் கோப்பி ஒன்றும் இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் நின்ற மரத்துக்குத் திடீரென்று விலை வந்ததும் கண்டிக் கிராமத்தவர் மேலும் நட்டார்கள். முஸ்லிம் வணிகர்கள் பொதிமாடுகளில் உப்பும் துணியும் ஏற்றிப்போய்க் கோப்பிக் கொட்டையோடு திரும்பினார்கள். நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏற்றுமதியில் கணிசமான பங்கு இந்த நாட்டுக் கோப்பி. அதைப் பிடுங்கக் கங்காணி தேவைப்படவில்லை, வங்கிக் கடனும் தேவைப்படவில்லை. மலைக் கிராமத்துக் குடியானவன் கையில் ரொக்கம் புழங்கிய காலம் அது.

துரைத்தோட்டத்துக்கு ஆள் வேண்டும். நிலம் வைத்திருந்த சிங்களக் குடியானவன் மாதக் கூலிக்கு வரவில்லை. சோம்பேறி என்று அவனைத் துரைமார் எழுதினார்கள். வயலும் மாடும் உள்ளவன் எதற்காக விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. ஆள் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்கள். மழை பொய்த்தாலும் கடன் கழுத்தை நெரித்தாலும் கண்டிச் சீமைக்குப் போவதென்பது அங்கே ஒரு வழியாயிற்று.

கோப்பிக்கு ஆள் தேவைப்பட்ட காலம் எது என்பதை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். பழம் ஆவணி, புரட்டாசியில் பழுக்கத் தொடங்கி மார்கழி வரை போகும். அந்த நாலைந்து மாதம் கை ஓயாத வேலை. மற்றக் காலத்தில் களை எடுப்பும் கவ்வாத்தும்தான். கொஞ்சப் பேர் போதும். தமிழ்நாட்டில் தை அறுப்புக்கு ஆள் தேவைப்படும்போது மலையில் வேலை குறைந்துவிடும். ஆகவே பெரும்பாலானவர்கள் வந்தார்கள், பிடுங்கினார்கள், மடியில் முடிந்ததோடு ஊருக்குத் திரும்பினார்கள். மிகுதியும் ஆண்கள். சிலர் தங்கியதும் உண்டு. லயம் கோப்பிக் காலத்திலேயே இருந்தது, ஆனால் அது தங்குமடம் போலத்தான்.

வந்த வழி எளிதானதல்ல. இராமேஸ்வரம், பாம்பன் பக்கமிருந்து தோணியில் தலைமன்னாருக்கோ அரிப்புத் துறைக்கோ வந்து இறங்கினார்கள். பிறகு நடை. மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை. ஏறத்தாழ 150 மைல், வன்னிக் காட்டின் ஊடாக. வெயில் காலத்தில் குளங்கள் சேறாகிக் கிடக்கும். வாந்திபேதியும் மலேரியாவும் வழியில் ஆட்களைத் தின்றன. நடக்க முடியாதவரைக் கூட்டம் விட்டுவிட்டுப் போன செய்திகளும், பாதையோரத்து எலும்புகள் பற்றிய குறிப்புகளும் அக்காலப் பதிவுகளில் உண்டு. கூட்டத்தின் தலைவன் கங்காணி. சொந்தக்காரர், ஊரார், ஒரே சாதிக்காரர் என்று திரட்டி, முற்பணம் கொடுத்து, வழிச்செலவு பார்த்துக் கூட்டிவருவான். அத்தனையும் கூலியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், கடனை இன்னார் அடைத்தால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். துண்டு விலைபோகும், துண்டோடு ஆளும் விலைபோவான். 2023இல் மலையகம் 200 என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் நினைவுபடுத்தியது இந்தப் பாதையைத்தான். அதில் நடந்து வந்தவர்கள் தேயிலைக்கு வந்தவர்கள் அல்லர், கோப்பிக்கு வந்தவர்கள் என்பதைப் பல மேடைகள் மறந்துவிட்டன.

1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. பாதைக்கான செலவில் பெரும்பங்கைச் சுமந்தது கோப்பிதான். மூட்டைகள் கடகடவென்று கொழும்புக்கு இறங்கத் தொடங்கிய வேளையில், இரண்டே வருடத்தில், மடுல்சீமையில் ஒரு தோட்டத்துச் செடிகளில் ஒரு மாற்றம் தெரிந்தது.

இலையின் மேற்புறத்தில் எண்ணெய் தெறித்தது மாதிரி வெளிறிய சிறு புள்ளி. இலையைத் திருப்பினால் அதே இடத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த தூள். விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். புள்ளிகள் பரந்து ஒன்றோடொன்று சேரும், நடு கருகும், இலை உதிரும். செடி உடனே சாவதில்லை; மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரிலும் தூள் படியும். இரண்டு மூன்று முறை இப்படி உதிர்ந்து துளிர்த்த செடிக்குக் காய்க்கச் சக்தி இருக்காது. இதைத் துரைமார் இலை நோய் என்றார்கள். பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு மைல்ஸ் பெர்க்லியிடம் அனுப்பினார். பெர்க்லி ஒரு பாதிரியார். பூஞ்சணங்களை அறிந்தவர்களில் முதல்வரிசை ஆள். அயர்லாந்தின் உருளைக்கிழங்கு அழுகியபோது அதற்குக் காரணம் ஒரு பூஞ்சணமே என்று, மற்றவர்கள் வானிலையைக் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்த நாளில், வாதாடியவர். 1869 நவம்பரில் அவர் இந்தப் புதிய பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்.

துவெயிட்ஸ் அபாயத்தை உடனே உணர்ந்தார். துரைமார் உணரவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு, அது அவர்களின் மடமை மட்டுமல்ல. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டே போனது. ஏக்கருக்கு நாலரை அந்தர் கண்ட தோட்டம் பத்து வருடத்துக்குள் இரண்டு அந்தருக்கு இறங்கியது. ஆனால் குறைந்த விளைச்சலுக்குக் கூடுதல் விலை கிடைத்ததால் கணக்குப் புத்தகத்தில் ஓட்டை தெரியவில்லை. விளைச்சல் குறைந்தால் என்ன, இன்னும் காடு வெட்டு என்று டிம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா என்று சிவனொளிபாதமலையின் காலடி வரை போனார்கள். பரப்பு கூடியதால் 1870களில் ஆண்டு ஏற்றுமதியைப் பத்து இலட்சம் அந்தரை ஒட்டி வைத்திருக்க முடிந்தது. நோயின் முதல் பத்து வருடம்தான் இலங்கைக் கோப்பியின் பொற்காலம் என்று அக்காலக் கொழும்பு எழுதிக்கொண்டது. எனக்கு இந்த வரலாற்றில் ஆகக் கலக்கம் தரும் பகுதி இதுதான்.

எருப் போட்டால் செடி தேறும் என்று வண்டி வண்டியாக எருப் போட்டார்கள். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார்கள். கடைசியில் 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இருபத்தைந்து வயதுத் தாவரவியலாளரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். இரண்டு வருடம் பேராதனையில் இருந்தார். கண்ணாடித் தகடுகளில் பசை தடவித் தோட்டங்களில் வைத்து, காற்றில் என்ன பறந்து வருகிறதென்று நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பூஞ்சணத்தின் வித்துகள் பறந்து வந்து படிந்திருந்தன. ஒரு சொட்டு ஈரம் கிடைத்தால் வித்து முளைக்கிறது, இலையின் அடிப்புறத்து மூச்சுத் துளைகள் வழியே உள்ளே போகிறது, சில வாரத்தில் புதிய புள்ளியாக வெளியே வருகிறது. முழுச் சுற்றையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். மண்ணில் குறையில்லை, எருவில் குறையில்லை. மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே செடியை நட்டதுதான் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்தது, இடையிடையே காட்டுப் பட்டைகளை விட்டிருந்தால் காற்றோட்டம் தடைப்பட்டிருக்கும் என்று அறிக்கை எழுதினார். காட்டுப் பட்டையா? அதைத்தான் உச்சியிலிருந்து உருட்டித் தள்ளியிருந்தார்களே.

வார்ட் மருந்து தரவில்லை என்று தோட்டக்காரர்களுக்கு ஏமாற்றம். அவர் போய் மூன்று வருடத்தில், 1885இல், பிரான்சின் போர்டோவில் திராட்சைக்காகச் செம்புச் சுண்ணாம்புக் கரைசல் கண்டுபிடிக்கப்பட்டது. இலைப் பூஞ்சணத்துக்கு வாய்த்த முதல் நல்ல மருந்து. அது வந்து சேர்ந்த நேரத்தில் தெளிக்க இங்கே கோப்பி மிச்சமில்லை.

1879க்குப் பின் சரிவு வேகமானது. பிரேசில் கோப்பி சந்தையை நிறைத்ததும் விலையும் இறங்கியது. ஓட்டையை மூடியிருந்த ஒரே துணியும் போயிற்று. தோட்டங்கள் அடமானத்தில் இருந்தன. அடமானம் பிடித்த வங்கிகளில் பெரியது ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். தீவில் புழங்கிய நாணயத்தாள்களில் பலவற்றை அச்சிட்டு வெளியிட்டதும் அதுதான், அரசாங்கமல்ல. 1884 மே மாதத் தொடக்கத்தில் அது கதவைச் சாத்தியது. கையிலிருந்த தாளுக்கு மதிப்பில்லை என்ற செய்தி பரவியதும் கொழும்பில் பீதி. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் துணிந்து, அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அதே வருடம் தாள் நாணயச் சட்டம் நிறைவேறியது. 1885 முதல் அரசாங்கமே நாணயத்தாள் வெளியிடத் தொடங்கியது. இன்று நம் கையில் இருக்கும் ரூபாய்த் தாளின் வம்சாவளி இலைக்கடியில் ஒட்டியிருந்த அந்த மஞ்சள் தூளில் போய் முடிகிறது.

துரைமார் நூற்றுக்கணக்கில் கப்பலேறினார்கள். சிலர் மலாயாவுக்குப் போனார்கள். செட்டிமாரிடமும் வங்கியிடமும் கடன்பட்ட சிறு தோட்டங்கள் கைமாறின. கிராமத்துக் கோப்பியும் பட்டுப்போனது; அதற்காக அறிக்கை எழுதியவர் குறைவு. வேலை நின்ற தோட்டங்களில் கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்றது. கங்காணி கடன் மட்டும் அப்படியே நின்றது. கோப்பியின் பட்ட மரங்களைப் பட்டை சீவி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், அங்கே தேநீர் மேசைகளுக்குக் காலாக்குவதற்கு.

இடையில் சின்கோனா வந்து போனது. மலேரியா மருந்தான குயினின் எடுக்கும் மரம். நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைப் பூங்கா 1861இல் அதற்காகவே தொடங்கப்பட்டது. கோப்பி சரிந்ததும் எல்லோரும் சின்கோனாவுக்குத் தாவினார்கள். 1880களின் நடுவில் ஏற்றுமதியான பட்டை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி இறாத்தலை எட்டியது. சந்தை நிரம்பி வழிந்தது, விலை பாதாளத்துக்குப் போனது, மரங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். ஒரே பயிரின் மீது எல்லோரும் விழுவதன் தீமையைக் கோப்பியிடம் படித்தவர்கள், அந்தப் பாடத்தை நான்கு வருடம்கூட நினைவில் வைத்திருக்கவில்லை.

தேயிலை அதற்குள் பேராதனையில் நின்று வயதாகியிருந்தது. அசாம் விதைகள் 1839இலேயே கல்கத்தாவிலிருந்து வந்துவிட்டன. புசல்லாவையில் ரோத்சைல்ட் குடும்பத்து உறவினரான வேர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலையை நட்டுப் பார்த்தார்கள், கட்டுபடியாகவில்லை. கோப்பி கொழித்த நாளில் தேயிலை யாருக்கு வேண்டும்? தொடர்ந்து பாடுபட்டவர் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். 1852இல், பதினேழு வயது நிரம்புமுன், கோப்பித் தோட்டத்து உதவியாளாக வந்தவர். ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை வைத்தார். அப்போது கோப்பி நோய் இன்னும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயத்தில் நட்டதல்ல, பழக்கத்தில் நட்டது. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால், மணிக்கட்டு முதல் முழங்கை வரை வைத்து உருட்டச் சொல்லிக்கொடுத்தார். களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் தட்டுகளை வைத்து வாட்டினார். 1872இல் உருட்டும் இயந்திரம் ஒன்றைத் தாமே அமைத்தார். அடுத்த வருடம் லண்டனுக்குப் போன தேயிலை 23 இறாத்தல்.

டெயிலர் சம்பளக்காரராகவே இருந்தார். ஊருக்கு ஒருமுறையும் திரும்பவில்லை. 1892இல் அவரை வேலையைவிட்டுப் போகச் சொன்னார்கள், போகவில்லை, அந்த வருடமே வயிற்றுளைவில் லூல்கந்துரவிலேயே இறந்தார். தோட்டத் தொழிலாளர் அவரை முறைவைத்துத் தோளில் சுமந்து கண்டி மஹியாவை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பணமும் புகழும் 1890இல் வந்திறங்கிய தோமஸ் லிப்டனுக்கு. விழுந்துகிடந்த விலையில் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கி, தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்று விளம்பரம் செய்த கடைக்காரர் அவர். அவரைப் பற்றி எழுதப் போதுமான பேர் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு பரவலான கதையைத் தட்டிவிட வேண்டும். இலங்கைக் கோப்பி அழிந்ததால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிக்கத் தொடங்கினார்கள் என்று பல இடங்களில் வாசிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையில்லை. இந்தப் பூஞ்சணத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பே இங்கிலாந்து தேநீர் நாடாகிவிட்டது; அப்போது சீனத் தேயிலை. இலை நோய் செய்த மாற்றம் லண்டன் மேசையில் நடக்கவில்லை, இந்த மலைகளில் நடந்தது. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, இருபது வருடத்தில் மூன்று இலட்சம் ஏக்கரைத் தொட்டது. வீதி, புகையிரதம், நிலச் சட்டம், லயம், கங்காணி எல்லாம் கோப்பி கட்டிவைத்துவிட்டுப் போனவை. தேயிலை அவற்றில் குடியேறியது.

மாறியது ஒன்றே ஒன்று. கோப்பிப் பழம் வருடத்தில் ஒரு பருவம். தேயிலைக் கொழுந்துக்குப் பருவம் இல்லை. ஒரு மலையை எடுத்தால் ஏழு, எட்டு நாளில் மறுபடி அதே மலைக்கு வர வேண்டும். விட்டால் கொழுந்து முற்றிவிடும். தை அறுப்புக்கு ஊருக்குப் போய்வருகிறேன் என்பது இனி நடக்காது. ஆள் பன்னிரண்டு மாதமும் வேண்டும், அதிலும் பெண்களின் கை வேண்டும், பிள்ளைகள் வளர்ந்து நாளைக்கு அதே நிரைக்கு வர வேண்டும். ஆகவே தனியாளாக வந்தவர்கள் குடும்பமாக வந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா வீடாயிற்று. விடியுமுன் தப்பு அடித்ததும் பெரட்டுக் களம், இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, தலைக்கயிற்றில் கூடை மாட்டி, மட்டக்கம்பை நிரையின் மேல் போட்டு இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளல், மாலையில் தராசு. சொன்ன இறாத்தல் வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். மாரியம்மன் கோயிலும் காமன் கூத்தும் மலைக்கு வந்தன. பிறந்தவர்கள் அங்கேயே இறந்தார்கள், தேயிலைக்கடியில் புதைக்கப்பட்டார்கள். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 7,80,000.

சுதந்திரம் வந்த வருடமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. முந்திய தேர்தலில் வாக்களித்தவர்களே நாடற்றவர்கள் ஆனார்கள். அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் முக்கியமானது, இவர்கள் வந்துபோகிறவர்கள், இந்த நாட்டில் நிலையான பற்று இல்லாதவர்கள் என்பது. கோப்பிக் காலத்துக் கூலியைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தால் ஓரளவு பொருந்தும். தேயிலை வந்து அறுபது வருடத்துக்குப் பிறகு, மூன்றாம் தலைமுறை கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தபோது, எண்பது வருடத்துக்கு முந்தைய கோப்பித் தோட்டத்தின் படத்தை வைத்துக்கொண்டு பாராளுமன்றம் சட்டம் எழுதியது. பூஞ்சணம் வராதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற விளையாட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. வந்தது, அதன் விளைவாகத் தங்க வைக்கப்பட்டவர்களிடம், ஏன் தங்கினாய் என்று பின்னர் கேட்கப்பட்டது. இவ்வளவுதான் என் வாதம்.

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. அவை பின்னர் டான்டீ என்ற கழகமாயின. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து மலைகளில் கண்டித் தமிழ் பேசும் குடும்பங்களை இன்றும் காணலாம். இலங்கையில் தங்கியவர்களில் நாடற்ற நிலை கடைசியாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில். காணி உரிமை இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

பூஞ்சணமும் ஓய்ந்துவிடவில்லை. இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கும் யாவா, சுமத்ராவுக்கும் சில வருடங்களிலேயே பரவியது. குடகிலும் ஏர்க்காட்டிலும் நிழல்மரங்களுக்கடியில் கோப்பி ஒருவாறு தப்பியது. 1970இல் அது பிரேசிலிலும் தென்பட்டது.

அடுத்த பகுதி இறப்பர். 1876இல் கியூ பூங்காவிலிருந்து 1,919 இறப்பர்க் கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகே ஹேனரத்கொடையில் நடப்பட்டன. அந்த வருடம் கோப்பி நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கன்றுகளைக் கேட்டு வந்தவர்கள் சொற்பம்.